ஒரு சுழி குறைந்த எண்ணெய்

பெயர்: அப்பா வைத்தது ஒன்று, அலுவலகம் வைத்தது 'சாரி'. வயது இருபத்து நாலு. இருப்பிடம்: ஊரிலிருந்து ஒன்பது மணி நேர விமானத் தூரத்தில், குடிநீர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், நகல் எடுக்கும் மெஷினுக்கும் துடைப்பம் வைக்கிற அலமாரிக்கும் நடுவே இடுக்கிப் போட்ட ஒரு மேசை.

'சாரி' என்ற பெயர் வந்ததற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. கதவைத் தட்டினால் சாரி சொல்வான், தட்டாமல் நுழைந்துவிட்டால் சாரி சொல்வான், யாராவது அவன் காலை மிதித்தால் அதற்கும் அவனே சாரி சொல்வான். சேர்ந்த மூன்றாம் நாளே பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மக்களோடு பேசுவது அவன் வேலை. சாக்கடையில் கண்டதைக் கொட்டாதீர்கள், தண்ணீரைக் கெடுக்காதீர்கள் என்று தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்று, ஆறு மாதம் சோதனையாக எடுத்திருந்தார்கள். ஆறாவது மாதம் ஆரம்பித்துவிட்டது. வேலை நிலைத்தால் நாட்டில் தங்குகிற அனுமதியும் நிலைக்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 

இந்த நேரம் பார்த்துக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது, தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கிற மூன்றாம் கட்டடம். ஐந்து மாடி, நாற்பது அடுப்படி, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கீழே ஒரே குழாய். நாற்பது வீட்டிலும் மீன் பொரித்த எண்ணெயும் கோழி பொரித்த எண்ணெயும் பாத்திரம் கழுவுகிற சிங்க்கில்தான் போனது. குழாய்க்குள் அது கட்டி தட்டி, வெள்ளைச் சோப்பு மலை மாதிரி வளர்ந்து, மூன்று மாதத்தில் மூன்று தடவை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் லாரி வந்து உறிஞ்சி எடுத்தது. அடைக்கும்போதெல்லாம் தெருவில் இருந்த மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை பொங்கும். பொங்கினது மழைநீர் வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் நேரே ஏரிக்குப் போகும். ஏரித் தண்ணீர்தான் சுத்தமாகி, அதே நாற்பது வீட்டுக் குழாயில் வரும்.

"இதோ பாரு சாரி," என்றார் மேடம். அவர்தான் அவனுக்கு மேலதிகாரி. இந்த நாட்டிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "எங்கம்மா திட்டுறதுக்கு மட்டும்தான் தமிழ் சொல்லிக் குடுத்தாங்க" என்பார். "மாசக் கடைசியில குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாக்கப் போறாங்க. அதுலயும் அடைப்பு இருந்துச்சுன்னா, 'பேசிப் பிரயோஜனம் இல்ல, பேசறதுக்கு ஆளும் தேவையில்ல'ன்னு மேலிடத்துல சொல்லிடுவாங்க. அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது."

"சாரி மேடம்."

"நீ எதுக்குப்பா சாரி சொல்ற? நீயா எண்ணெய் ஊத்துன?"

அவனுக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த துண்டறிக்கை ஒன்று இருந்தது. நாலு பக்கம். 'கொழுப்புசார் கழிவுகளை வடிகால் இணைப்புகளில் அகற்றுவதைத் தவிர்க்குமாறு குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஆரம்பிக்கும். மூன்றாம் கட்டடத்தில் அது வீட்டுக்கு வீடு நன்றாகவே பயன்பட்டது. ஒரு வீட்டில் ஆடுகிற வாஷிங் மெஷினுக்கு அடியில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில், பொரித்த மீனை அதன் மேல்தான் எண்ணெய் வடியப் போட்டிருந்தார்கள். அதுவாவது கொஞ்சம் எண்ணெய் குடித்தது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு முதல் வரியைப் படித்துக் காட்டினான். அக்கா ஊரில் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நூறு பேரைப் பேசியே நகர்த்துகிறவள்.

"யாருடா இது பேசறது? கல்வெட்டா?"

"ஆபீஸ் தமிழ்க்கா. இப்படித்தான் எழுதணும் போல."

"டேய், என் பஸ்ல 'படிக்கட்டில் பயணிப்பது தண்டனைக்குரியது'ன்னு பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க. அதுக்கு மேலேயே கைய வச்சுக்கிட்டுத் தொங்கறாங்க. நான் போயி 'உள்ள வாப்பா, உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது'ன்னா வந்துடறான். வாயால சொல்ற மாதிரி எழுதுடா. மூணே வரி."

வாயால் சொல்கிற மாதிரி எழுத அவனுக்கு ஒரே வழிதான் தெரியும்: வாயாலேயே சொல்வது. அலுவலகக் கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. போனில் தட்டினால் ஒரு வரிக்கு அரைமணி நேரம். அதனால் வீட்டுக்குச் செய்தி அனுப்புவதெல்லாம் போனிடம் பேசித்தான்; அது கேட்டு எழுதிக்கொள்ளும். கேட்டு எழுதுவதில் அதற்கும் சில விளையாட்டு உண்டு. ஒரு தடவை 'காலையிலேயே குளிச்சுட்டேன், வேலைக்குக் கிளம்பறேன்' என்று சொன்னதை 'காலையிலேயே குடிச்சுட்டேன், வேலைக்குக் கிளம்பறேன்' என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பிவிட, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதிலிருந்து அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கிற பழக்கம் வைத்திருந்தான்.

மூன்று வரியையும் போனிடம் சொல்லி, அது எழுதிக் கொடுத்ததையும் படித்துப் பார்த்தான். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஏழு தடவையும் மனசுக்குள் தன் குரலிலேயே படித்ததால், ஏழு தடவையும் சரியாகவே இருந்தது.

அச்சடித்து வந்தது. பளபளவென்று மஞ்சள் ஒட்டுத்தாள், வெந்நீர் பட்டாலும் உரியாத பசை. அலுவலக விதிப்படி, சந்தேகம் கேட்பதற்கு ஆள் யாரென்று தெரிய, அவன் படமும் போன் நம்பரும் மேலே இருந்தன. அனுமதிச் சீட்டுக்காக எடுத்த படம். யாரோ பின்னாலிருந்து துப்பாக்கி வைத்த மாதிரி ஒரு முழி.

சனிக்கிழமை நாற்பது வீடும் ஏறி இறங்கினான். சிங்க்குக்கு நேர் மேலே, கண்ணுக்கு எதிரே, தன் கையாலேயே ஒட்டினான். இரண்டாம் மாடித் தையல்கார அம்மா ஒட்டுத்தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் கீழே, எண்ணெய் பாட்டில்களைப் போட ஒரு நீல டிரம்மை வைத்துவிட்டு, ஒட்டுத்தாளைப் படம் எடுத்துப் பெருமையாக அக்காவுக்கு அனுப்பினான்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. கொக்கரிப்பு மாதிரி ஒரு சத்தம். பின்னால் அம்மாவின் குரல், "என்னடி ஆச்சு, என் பிள்ளைக்கு என்னடி ஆச்சு!"

"அக்கா? அழறியா?"

"டேய்…" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "யாருடா உன்ன சிங்க்ல ஊத்துனது?"

"என்னக்கா சொல்ற?"

"படிடா. ஒவ்வொரு எழுத்தா, வெரல வச்சுப் படி."

விரலை வைத்துப் படித்தான்.

*என்னை சிங்க்ல ஊத்தாதீங்க.*
*சமைச்சு முடிச்சதும் என்னை நல்லா ஆறவிடுங்க.*
*அப்புறம் என்னை பாட்டில்ல அடைச்சு, கீழே நீல டிரம்ல போடுங்க.*

அதற்கு மேலே அவன் படம். அந்த முழி.

அவன் வாயில் எண்ணெய் எப்போதுமே 'எண்ணை'யாகத்தான் வரும். போனுக்கு மூன்று சுழி என்ன, இரண்டு சுழி என்ன? பேசுகிறவன் தன்னைப் பற்றித்தான் கெஞ்சுகிறான் போல என்று நினைத்து, அன்போடு எழுதிக் கொடுத்துவிட்டது. 'என்னை' என்பதும் நல்ல தமிழ்தான் என்பதால் அடியில் சிவப்புக் கோடும் விழவில்லை.

"ஒரு சுழிடா," என்றாள் அக்கா. "ஒரே ஒரு சுழி."

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ஞாயிறு. பெயிண்ட் சுரண்டுகிற தகடு ஒன்றும் ஒரு பை நிறையப் பழைய துணியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டான். மேடத்துக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இன்றைக்குள் நாற்பதையும் சுரண்டி எடுத்துவிட்டால் நடந்தது யாருக்கும் தெரியாது. இதுதான் திட்டம்.

திட்டம் இரண்டாம் மாடி வரைக்கும் போனது.

"வாங்க தம்பி!" தையல்கார அம்மா கதவைத் திறந்தார். "நல்லா ஆறிட்டீங்களா?"

"சாரிம்மா, அது வந்து… அந்த எழுத்து தப்பு. எடுத்துடறேன்."

"அதை எடுத்துட்டா எனக்குப் பொழுது எப்படிப் போகும்? நேத்து என் வீட்டுக்காரர் சட்டியத் தூக்கிட்டு வந்தார். 'யாரைய்யா ஊத்தப் போறீங்க, பெத்தவங்களுக்குத் தகவல் சொன்னீங்களா'ன்னு கேட்டேன். சிரிச்ச சிரிப்புல சட்டிய அடுப்பு மேலேயே வச்சுட்டுப் போயிட்டார். இருபது வருஷமா நான் சொல்லி அந்த மனுஷன் எதை நிறுத்தியிருக்கார்?" உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். வாய் வரைக்கும் பழைய எண்ணெய். "இந்தாங்க, நீங்கதான். போகும்போது உங்களையே கூட்டிக்கிட்டுப் போங்க."

ஒரு கையில் சுரண்டுகிற தகடு, ஒரு கையில் பாட்டிலோடு மாடி ஏறினான். மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டில், சுரண்ட விடமாட்டோம் என்று கதவைப் பாதி மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வீட்டில் நேற்று ஊற்றிவிட்டார்களாம், "உங்களுக்கு வலிச்சுதா?" என்று கேட்டார்கள்.

நாலாவது மாடியில் மீன்காரர். சந்தையில் பொரித்த மீன் விற்கிறவர். வீட்டிலேயே பொரித்து எடுத்துப் போவார். மற்ற வீடுகள் ஒரு மாதத்தில் ஊற்றுகிற எண்ணெயை அவர் ஒரே வாரத்தில் ஊற்றிவிடுவார். குழாயைத் திறந்து பார்த்த ஆட்கள் எல்லாம், அந்த வெள்ளை மலையில் பெரும்பாதி நாலாவது மாடியினுடையது என்றுதான் சொன்னார்கள். இவர் ஒருத்தர் மாறாவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேர் மாறியும் குழாய்க்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அவனுக்கும்தான்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே சிங்க்குக்கு முன்னால், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு ஆறேழு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அவன் படம். படத்தைச் சுற்றிக் கறுப்புப் பேனாவால் ஒரு பாட்டில் வரைந்திருந்தது. தலைக்கு மேல் மூடி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை, கீழே செருப்புப் போட்ட கால். அவன் பாட்டிலுக்குள்ளிருந்து முழித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, மாமாவே வந்துட்டாரு!"

"வாய்யா," என்றார் மீன்காரர், கரண்டியை ஆட்டிக்கொண்டே. "உன்னால நேத்திலேர்ந்து என் வீட்டுல ரகளை. சட்டியத் தூக்கினா இவ வந்து காலக் கட்டிக்கறா. 'மாமாவ ஊத்தாத, மாமாவ ஊத்தாத'ன்னு ஒரே அழுகை. நானும் சரி, இவ தூங்கட்டும்னு பாத்தேன். தூங்கினதும் போனா, நீ பாக்கற. அதுவும் எப்படிப் பாக்கற? இப்பவே அழுதுடுவேன்ங்கற மாதிரி."

"சாரிண்ணே."

"ஒரு நாள் ஊத்தல, சரி. நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போயிடுவா. நீயும் சுவத்துல பழகிடுவ. அப்ப நான் ஏன் ஊத்தக் கூடாது? அதைச் சொல்லு. பின்னாலேயே சுடுதண்ணி விடறேன்ல? ஓடிடுது. என் கண்ணால பாக்கறேன், ஓடிடுது."

நாலு பக்கத் துண்டறிக்கையில் இதற்குப் பதில் இருந்தது, மூன்றாம் பக்கத்தில், 'குளிர்நிலையில் திண்மமாதல்' என்ற தலைப்பில். அது அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா நினைவுக்கு வந்தாள். விழுங்கிவிட்டான்.

ஜன்னல் ஓரத்தில் நேற்றுப் பொரித்த சட்டி கழுவாமல் இருந்தது. அதை எடுத்தான்.

"அண்ணே, இந்த ஓரத்தத் தொட்டுப் பாருங்க."

மீன்காரர் தொட்டார். விளிம்பெல்லாம் மெழுகு மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"சூடா இருந்தப்ப இது ஓடிச்சுல்ல? இங்கேர்ந்து கீழ வரைக்கும் ஓடும்ணே. நீங்க பாக்கற வரைக்கும் ஓடும். கீழ மண்ணுக்குள்ள குழாய் ஜில்லுனு இருக்கு. அங்க போனதும் இப்படி உக்காந்துடுது. அது மேல நாளைக்கு ஊத்தறது உக்காருது. அது மேல பக்கத்து வீட்டுது."

"உக்காந்தா உக்காரட்டும். லாரி வந்து எடுக்குதுல்ல?"

"லாரி வர்றதுக்கு முன்னாடி தெருவுல பொங்கிடுது. வாய்க்கால்ல எறங்கிடுது." அவன் கொஞ்சம் தயங்கினான். "அண்ணே, நீங்க மீன் எங்க வாங்கறீங்க?"

"ஏரில. வலை போடறவங்ககிட்ட நேரா. பச்ச மீனு, துள்ளும்." பெருமையாகச் சொல்லிவிட்டு மீன்காரர் நிறுத்தினார். கரண்டி ஆடுவதும் நின்றது. "அந்த வாய்க்கால் எங்க போகுது?"

அவன் சட்டியைத் திரும்ப ஜன்னல் ஓரத்திலேயே வைத்தான். 

"அட," என்றார் மீன்காரர் மெதுவாக. "நான் ஊத்தறது திரும்ப என் சட்டிக்கே வருதா? செதிலோட?"

"சாரிண்ணே."

"இதுக்கு எதுக்குய்யா நீ சாரி சொல்ற? இது நான் சொல்ல வேண்டியது." மகளைப் பார்த்தார். "ஏய், கைய எறக்குடி, வலிக்கப் போகுது. மாமாவ யாரும் ஊத்தல."

"சத்தியமா?"

"சத்தியமா. அந்தப் பெரிய கேனை எடுத்துட்டு வா. உன் மாமா பாட்டில்ல அடங்கற ஆள் இல்ல."

அன்று அவன் ஒரு ஒட்டுத்தாளையும் சுரண்டவில்லை. தகடும் துணியும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தன.

மாதக் கடைசி. நீல டிரம் மூன்று தடவை நிரம்பி, மூன்று தடவை போய்விட்டு வந்திருந்தது. கேமராக்காரர் குழாய்க்குள் ஒயரை விட்டுவிட்டு, சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரி திரையைப் பார்க்கவில்லை. கேமராக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியான குழாயிலதான் விட்டிருக்கோமா?" என்றார் கேமராக்காரர். "கூடத்துத் தரை மாதிரி இருக்கு. படுத்துத் தூங்கலாம்."

மறுநாள் மேடம் அவனைக் கூப்பிட்டார். மேசையில் அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது.

"மேலிடத்துல ஒரே சந்தோஷம். இன்னும் இருபது கட்டடத்துக்கு இதையே அடிக்கணுமாம். வார்த்தை மாறாம. என்ன எழுதியிருக்கன்னு படி, நான் அவங்களுக்குச் சொல்லணும்."

படித்தான். வாயால் படிக்கும்போது, எப்போதும் போல, சரியாகவே இருந்தது. மேடம் தலையாட்டினார்.

"எண்ணெய ஊத்தாதீங்க, ஆறவிடுங்க, பாட்டில்ல போடுங்க. அவ்வளவுதான? நல்லாத்தான இருக்கு."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கதவு நாலடி தூரத்தில் இருந்தது. மேடம் காதில் விழுந்ததில் தப்பே இல்லை. ஆனால் இருபது கட்டடம் என்றால் எண்ணூறு அடுப்படி. எண்ணூறு சுவரில் ஒரு பொய்யை ஒட்டிவிட்டு, தினம் அதன் மேல் தன் முழி இருப்பதை நினைத்தால் எழுந்து போக மனசு வரவில்லை.

"சாரி மேடம்," என்றான். "ஒரு சுழி குறையுது."

"என்ன குறையுது?"

ஒரு தாளில் இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதிக் காட்டினான். ண, ன. மேடம் ஒவ்வொரு சுழியாகப் பேனா முனையை வைத்து எண்ணினார். பிறகு ஒட்டுத்தாளில் இருப்பதை எண்ணினார்.

"அப்போ இது எண்ணெய் இல்லையா?"

"இல்ல மேடம். நான். என்னை ஊத்தாதீங்கன்னு இருக்கு. நாப்பது வீட்லயும்."

மேடம் ஒட்டுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  அவன் பெட்டியில் எதை முதலில் மடித்து வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். மேடம் தன் போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தை அவன் முன்னால் நீட்டினார். குழாய் ஆட்களோடு போன வாரம் கட்டடத்துக்குப் போனபோது எடுத்தது. நாலாவது மாடிச் சுவர். மூடியும் கையும் செருப்பும் போட்ட பாட்டிலுக்குள் அவன்.

"அப்போ பாட்டில் பேசலையா?" என்றார் மேடம். "இந்தப் படத்த நீதான் வரைஞ்சு வச்சிருக்க, பாட்டில்தான் பேசுதுன்னு நெனச்சேன்! எண்ணெயே வாயத் தொறந்து கெஞ்சுது, என்ன ஊத்தாதீங்கன்னு. பையன் என்னமா யோசிச்சிருக்கான்னு மேலிடத்துல வேற சொல்லிட்டு வந்துட்டேன்."

"அத வரைஞ்சது நான் இல்ல மேடம். மீன்காரர் பொண்ணு."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மேசை குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுழிய அப்படியே விடு. படத்த மாத்து. உன் மூஞ்சியச் சுத்திப் பாட்டில் போடு, மூடி போடு, செருப்பு கூடப் போடு. அந்தப் பொண்ணுதான் வரைஞ்சதுன்னு கீழ எழுது."

"மேலிடத்துல என்ன சொல்றது மேடம்?"

"நடந்ததச் சொல்லு. தப்பா வந்துச்சு, தப்பாவே ஓடிச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு. அவங்க அப்பப்ப சிரிக்கணும்பா, ரொம்ப இறுகிப் போயிருக்காங்க." மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். "அப்புறம் இதுல கையெழுத்துப் போடு. ரெண்டு வருஷம். உன் சொந்தப் பேர்ல போடு. சாரின்னு போட்டுத் தொலச்சுடாத."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். போனிடம் பேச வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். இந்த ஒரு செய்தியில் சுழி குறையக் கூடாது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அரைமணி நேரம் ஆனது. 'அக்கா, வேலை நிலைச்சிடுச்சு. அம்மாகிட்ட சொல்லு.'

பதில் உடனே வந்தது. 'அம்மா அழுறாங்க. சந்தோஷம்தான். நீ நல்லா ஆறிட்டியா?'

'ஆறிட்டேன்' என்று தட்டி அனுப்பினான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். பொரித்த எண்ணெய் மிச்சம் இருந்தால் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறவிட்டு, ஒரு பாட்டிலில் அடைத்துத் தனியாக வையுங்கள். உங்கள் ஊரில் அதை எங்கே வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.